மழைக்கு முதல் நாள் சத்தம்

வெளிநாட்டிலிருந்து மூன்று முறை போன் செய்தோம். இரண்டு முறை "ராங் நம்பர்ங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். மூன்றாவது முறை நான் வணக்கம் சொல்லி வாயை மூடுவதற்குள், "நான் ஏழுமலையே இல்லீங்க" என்றார். நான் இன்னும் யார் பெயரையும் கேட்டிருக்கவில்லை. ஆள் இவர்தான் என்று உறுதியானதால் அவரைத் தேடிப் போக மூட்டை கட்டிவிட்டோம்.

நான் ஒரு நர்ஸ். ராயப்பேட்டையில் பிறந்து, படிப்பு முடித்த கையோடு அரபு பேசும் ஒரு நாட்டு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனவள். போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாட்டின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஆட்களின் பெயர்களையும் அதனால்தான் மாற்றியிருக்கிறேன்.

அந்த நாட்டை ஒரே மனிதர் பல காலம் ஆட்டிப்படைத்தார். ஒருநாள் விடிகாலையில் விமானம் ஏறி ஓடிப்போனார். அன்று மதியத்துக்குள் நாட்டில் அவருடைய ஆள் என்று ஒருவர்கூட இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வார்டு அவர் படத்தை மாட்டவைத்த தலைமை கிளார்க்தான் முதல் ஆளாக ஏணி போட்டு ஏறிக் கழற்றினார். "எனக்கு எப்போதுமே இவரைப் பிடிக்காது" என்றார், ஏணியில் நின்றபடியே.

அதற்குப் பிறகு உண்மை அறியும் ஆணையம் ஒன்று வந்தது. காணாமல்போனவர்களின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் மணிக்கணக்கில் காத்திருந்து பேசினார்கள். அந்தச் சிறைகளில் நம்மூர்க் கூலிக்காரர்களும் சிலர் இருந்திருக்கிறார்கள் என்பதால், மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். சல்மாவை அங்கேதான் சந்தித்தேன்.

சல்மாவின் அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். அவளுக்கு ஒன்பது வயதில் அவரை வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள். பதினெட்டு வருடம் ஆகிறது. அவரைப் பிடித்த அதிகாரி இப்போது டை கட்டிக்கொண்டு டிவியில் உட்கார்ந்து, "பழைய புண்களைக் கிளறாதீர்கள்" என்று நாட்டுக்கு அறிவுரை சொல்கிறார். ஆணையத்திடம் அவர் கொடுத்த பதில் சின்னது: ஆசிரியரைப் பிடித்த அந்தக் கோடையிலேயே விட்டுவிட்டோம், அவர் வேறு ஒரு பெண்ணோடு எங்கோ போய்விட்டார். அதற்கு ஆதாரமாக ஒரு விடுதலைத் தாள். அதில் சாட்சி என்று ஒரு கைநாட்டு. கைநாட்டுக்குக் கீழே, அரபு எழுத்தில் நசுங்கிப்போன ஒரு பெயரும் ஊரும். எல்லோரும் குழம்பிப்போய் என்னிடம் நீட்டினார்கள். நான் படித்தேன். ஏழுமலை, மரக்காணம்.

அந்த ஏழுமலை நடந்ததைப் பிரமாணம் செய்து எழுதிக்கொடுத்தால் வழக்கு நிற்கும். கொடுக்காவிட்டால் சல்மாவின் அப்பா காலத்துக்கும் இன்னொருத்தியோடு ஓடிப்போனவர்தான். சல்மாவின் அம்மா அதைக் கேட்டுக்கொண்டே செத்துப்போனாள்.

*

மரக்காணத்துக்குப் பக்கத்தில், கூனிமேட்டில் பாஷா பாய் வீட்டு மாடியில் தங்கினோம். அவர் வளைகுடாவில் பதினைந்து வருடம் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பி, இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். சல்மாவைப் பார்த்ததும் ரொம்ப நாளாகப் பூட்டி வைத்திருந்த அரபியை எடுத்து விட்டார். சல்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"அவர் என்னை வண்டியைத் துடைக்கச் சொல்கிறார்" என்றாள்.

பாவம் பாஷா பாய். முதலாளிகள் அவரிடம் என்ன பேசினார்களோ, அதுதான் அவருக்குத் தெரிந்த அரபி. சீக்கிரம் வா, வண்டியை எடு, வாயை மூடு, சம்பளம் நாளைக்கு. பதினைந்து வருடத்தில் ஒருவர்கூட அவரிடம் "எப்படி இருக்கிறாய்" என்று கேட்கவில்லை போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அவர் மனைவி அதற்கு நேர் எதிர். இடியாப்பம், மீன் குழம்பு, நெத்திலி வறுவல் என்று வைத்துக்கொண்டே இருந்தார். மாடிப்படி ஏறும்போதும் இறங்கும்போதும் சல்மாவிடம், "சாப்டியாம்மா?" தெருவில் போகிறவர்களும் அதையேதான் கேட்டார்கள். சல்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அர்த்தம் கேட்டாள், சொன்னேன். சாப்பிட்டு முடித்தவளிடமும் கேட்கிறார்களே என்றாள். அது கேள்வி இல்லை, அன்பு என்றேன். அவள் ஊரில் அதற்குக் கன்னத்தில் முத்தம் கொடுப்பார்கள்.

மறுநாள் காலை ஆட்டோவில் உப்பளத்துக்குப் போனோம். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளையும் சாம்பலுமாகப் பாத்திகள். புரட்டாசி தொடங்கிவிட்டது, மழைக்கு முன் கடைசி உப்பை எடுத்துவிட வேண்டும் என்று எல்லோரும் பரபரப்பாக இருந்தார்கள். பாஷா பாய் குறுக்கு வழி என்று வரப்பில் விட்டார். ஆட்டோ களிமண்ணில் புதைந்து, இறங்கித் தள்ளியதில் சல்மாவின் வெள்ளை பேன்ட் முழங்கால் வரை சேறானது.

ஏழுமலை மோட்டார் கொட்டகையில் இருந்தார். அறுபதை ஒட்டிய ஒல்லியான மனிதர். தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நான் வணக்கம் சொன்னதும் என் குரல் தெரிந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சிஸ்டர். நான் அந்த நாட்டுக்கே போனதில்ல" என்றார். சொல்லிவிட்டு ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தி, நிறுத்திய மோட்டாரைத் திரும்பப் போட்டு, வேகமாக நடந்து போய்விட்டார்.

எங்களுக்குப் பின்னால் தலையில் உப்புக்கூடையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். கறுத்த, கட்டுமஸ்தான பெண். ஏழுமலையின் மனைவி சரசு. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சல்மாவை, நெற்றியிலிருந்து சேறு படிந்த கால் வரை ஒருமுறை அளந்தார். கூடையை இறக்கி வைத்தார்.

"உங்கம்மா எங்கடி?" என்றார்.

நான் யோசிக்காமல் மொழிபெயர்த்துவிட்டேன். சல்மாவும் யோசிக்காமல் பதில் சொன்னாள். "அம்மா இறந்துவிட்டார்."

"செத்துட்டாளா?" சரசு இடுப்பில் கை வைத்தார். "செத்தாதான் பொண்ண அனுப்புவாளா அவ? உசுரோட இருந்தா ஒரு தபா என் மொகத்தப் பாத்துட்டுப் போவச் சொல்லியிருப்பனே!"

அக்கம்பக்கத்துப் பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பலகையை ஊன்றி நின்றுவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெளிநாட்டில் புருஷன் வேலைக்குப் போன இடத்தில் பதினாலு மாதம் பேச்சுமூச்சு இல்லை. கடிதம் இல்லை, போன் இல்லை. திரும்பி வந்தவன் வாயும் திறக்கவில்லை. எவளோ ஒருத்தியோடு குடும்பம் நடத்தியிருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இப்போது அந்த ஒருத்தியின் மகள் பேன்ட் போட்டுக்கொண்டு நேரில் வந்து நிற்கிறாள். வயதுக் கணக்கு ஒத்துவருமா என்று பார்க்கும் நிலையில் சரசு இல்லை.

வரப்பில் போய்க்கொண்டிருந்த ஏழுமலை திரும்பிப் பார்த்தார். இந்த மனிதர் தப்பிக்க அருமையான வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பேசாமல் போய்விட்டால் போதும். நாங்கள் எந்த வழக்கைப் பற்றிப் பேசினாலும் இந்த ஊர் நம்பாது. ஆனால் அவர் திரும்பி வந்தார். சல்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நின்றார்.

"அது அந்த வாத்தியார் பொண்ணு சரசு. மூஞ்சி அப்படியே அவருதான்."

"எந்த வாத்தியாரு?"

"ஜெயில்ல என்கூட இருந்தவரு." மூச்சு வாங்கினார். "பதினாலு மாசம் ஜெயில்ல இருந்தேன். தெருவுல ஏதோ ஊர்வலம். தண்ணி கேன் தூக்கினு போனவன சேத்து வாரினு போயிட்டானுங்க."

சரசு ஓரடி முன்னால் வந்தார்.

"ஏன்யா சொல்லல?"

"அப்ப நம்ம பொண்ணுக்கு மாப்ள பாத்துனு இருந்த. ஜெயிலுக்குப் போனவன் வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்?"

"வப்பாட்டி வெச்சவன் வீட்டுல மட்டும் எடுப்பானா?"

"எடுத்தானே" என்றார் ஏழுமலை.

பக்கத்துப் பாத்தியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சரசு ஒரு கை உப்பை அள்ளி ஏழுமலை மேல் வீசினார். பிறகு இன்னொரு கை. அப்புறம் வரப்பில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஜெயில் என்று சொல்லியிருந்தால் நானே தலை நிமிர்ந்து நடந்திருப்பேனே, இத்தனை வருடம் குனிந்து நடந்தேனே என்று அழுகைக்கு நடுவில் சொன்னார். நான் அதைச் சல்மாவுக்குச் சொன்னேன். சல்மா சேற்றிலேயே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

*

மூன்றாம் நாள் பொழுது விடியும்போதே கிழக்கே கடல் மேல் வானம் கறுத்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உப்பளம் முழுக்க ஒரே ஓட்டம். பலகைகள் பாத்தியின் அடி மண்ணோடு உரசுகிற சத்தம் இடைவிடாமல் கேட்டது. கூடைகள் பறந்தன. உப்புக் குவியல்களை மூட பிளாஸ்டிக் தார்ப்பாய்களை நாலைந்து பேராக இழுத்துக்கொண்டு ஓடினார்கள். யாரும் கேட்காமலே நானும் ஒரு முனையைப் பிடித்தேன். சல்மா ஏற்கெனவே சரசுவின் குவியலில் இருந்தாள்.

ஏழுமலை மட்டும் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மழைக்கு முன் நிற்கிற ஆளா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"சிஸ்டர், அந்தப் பொண்ணக் கூப்புடுங்க" என்றார். "இதக் கேக்கச் சொல்லுங்க. இந்தச் சத்தம்தான்."

மழை இறங்கிவிட்டது. மோட்டார் கொட்டகையில் ஒண்டிக்கொண்டு அவர் சொன்னதை நான் வரிக்கு வரி சல்மாவுக்குச் சொன்னேன்.

அவர்களை அடைத்திருந்த அறை பாதி தரைக்குக் கீழே. ஜன்னல் கிடையாது. எந்த ஊர், என்ன மாதம் என்று யாருக்கும் தெரியாது. மூலையில் தண்ணீர் கசியும். ஏழுமலை அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கடல் தண்ணீர் இல்லை. உப்பு எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீர். சுவருக்கு அந்தப் பக்கம் உப்பளம் என்று அவருக்கு அன்றே தெரிந்துவிட்டது. பிறகு காதைச் சுவரில் வைத்தால் தினமும் விடியலில் உப்பு வாரும் சத்தம்.

"வேல நல்லா போவும்போது ஆற அமர வாருவானுங்க. ஒரு இழு, ஒரு நிறுத்து. மழ வருதுன்னா சத்தமே வேற. அள்ளிக்கினு ஓடற சத்தம். எந்த நாட்டுக்காரனா இருந்தா என்ன, மழைக்கு முன்னாடி எல்லாரும் ஒரே மாதிரிதான் ஓடுவான். ஒருநாள் அப்படிக் கேட்டுச்சு. வாத்தியார்கிட்ட கைய காட்டி சொன்னேன், மழ வருதுன்னு. அவரு நம்பல. மறுநா மழ கொட்டுச்சு. அதுக்கப்புறம் வார்ற சத்தமே இல்ல. சீசன் முடிஞ்சுது. மழ பேஞ்ச ரெண்டாம் நாள்தான் வாத்தியாரக் கூட்டினு போனானுங்க. செருப்பக்கூட போட உடல."

சல்மா எழுந்து நின்றாள். அவள் நாட்டில் கோடையில் ஒரு சொட்டு மழை பெய்யாது. உப்பு வாரி முடிவது, மழை தொடங்குவது எல்லாம் கோடை போய் நாளான பிறகுதான். விடுதலைத் தாளின் தேதியோ நட்டநடுக் கோடை. அப்படியானால் தாளின்படி 'விட்டுவிட்ட' மனிதர், முதல் மழை வரைக்கும் அவர்கள் அறையில்தான் இருந்திருக்கிறார்.

அவள் பையிலிருந்து அந்தத் தாளின் நகலை எடுத்தாள். ஏழுமலை கைநாட்டைப் பார்த்தார்.

"இது நான் வெச்சதுதான். என்ன வெளிய உட்ட அன்னிக்கு மூணு பேரு முன்னாடி. வெக்கிறியா, திரும்ப உள்ள போறியான்னு கேட்டானுங்க. என்ன எழுதியிருக்குது இதுல?"

சொல்லாமல் இருக்க முடியாது. படித்துக் காட்டினேன். ஆசிரியர் நல்ல உடல்நிலையோடு விடுதலையாகிச் சென்றதை என் கண்ணால் கண்டேன்.

ஏழுமலை மோட்டார் மேடையில் பொத்தென்று உட்கார்ந்தார். தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தன நாளா என் வெரலா அந்த ஆபீசரக் காப்பாத்தினு இருந்துச்சு?" என்றார்.

சல்மா அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள். "யார் எழுதினார்களோ அது அவர்கள் குற்றம் என்று சொல்லுங்கள். எனக்கு அவர் கடன்பட்டவர் இல்லை. நான் கெஞ்சவும் வரவில்லை. சொல்வாரா, மாட்டாரா என்று மட்டும் கேளுங்கள்."

"பொய்யா வெச்சதுக்கு என்னப் புடிச்சுட்டா?"

"மிரட்டி வாங்கினதுக்கு உங்களத் தண்டிக்க மாட்டாங்கன்னு ஆணையத்து வக்கீல் சொல்றாரு" என்றேன். "ஆனா அந்த அதிகாரியோட வக்கீல் உங்களப் பொய்யன், போக்கிரின்னு என்னென்னமோ சொல்லுவாரு. அத நான் மறைக்க மாட்டேன்."

"சொல்லட்டுமே" என்றார் சரசு, தலை ஈரத்தைப் பிழிந்தபடி. "பதினெட்டு வருஷமா நான் சொல்லாத பேரா அவன் சொல்லிடப்போறான்? எழுதிக் குடுய்யா."

ஏழுமலை தலையாட்டினார். பிறகு சல்மாவைப் பார்த்து, ஏதோ நினைவு வந்தவராக, "உங்கப்பாவுக்குத் தமிழ் தெரியும்மா. ஒரு வார்த்த. நான்தான் சொல்லிக்குடுத்தேன். ரொட்டி வந்ததும் டெய்லி என்னப் பாத்துக் கேப்பாரு. சாப்டியா?" என்றார்.

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். வேண்டாம் என்று சல்மா கையைக் காட்டினாள். அவளுக்கு அந்தச் சொல் தெரியும். அவள் அழுததை அந்தப் பயணத்தில் அன்றுதான் பார்த்தேன்.

*

நான்காம் நாள் திண்டிவனம், நோட்டரி வக்கீல் ஆபீஸ். கிளியனூர் வழியாகப் போனால் சீக்கிரம் என்று பாஷா பாய் சொன்னார். அவருடைய குறுக்கு வழிகளை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளியனூரில் டயர் பஞ்சர், ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. சரசு நடு ரோட்டில் நின்று கையை விரித்து ஒரு மினி லாரியை நிறுத்தினார். பூசணிக்காய்களுக்கு நடுவில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தோம்.

நோட்டரி நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். ஏழுமலை சொல்லச் சொல்ல, டைப் அடிக்கிற பெண்ணிடம் சுருக்கிச் சொல்லிக்கொண்டே போனார். மழை, சத்தம், கசப்புத் தண்ணீர் எதுவும் அதில் ஏறவில்லை.

"அதெல்லாம் எதுக்குங்க? கைதி இருந்தார், பிறகு இல்லை. அது போதும்."

"அதான் சார் மேட்டரே" என்றார் ஏழுமலை. முந்தாநாள் வரை நான் ஏழுமலையே இல்லை என்றவர். "அத எழுதலன்னா நான் கெளம்பறேன்."

எழுதினார்கள். முத்திரைத்தாளில் அச்சாகி வந்ததும் நோட்டரி ஏழுமலையின் கைகளைப் பார்த்தார். உப்பு அரித்து வெடித்த கைகள். ஒன்றும் கேட்காமல் இங்க் பேடைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார்.

ஏழுமலை அதை அப்படியே திரும்பத் தள்ளினார்.

"கைநாட்டு வெக்க மாட்டேன் சார். எனக்குக் கையெழுத்து போடத் தெரியும். அன்னிக்கும் தெரியும். கேட்டேன், பேனா குடுக்கல." கையைக் கட்டிக்கொண்டார். "அதுக்கு முன்னாடி மொத்தமும் படிச்சுக் காட்டுங்க."

"லஞ்ச் டைம்ங்க…"

"படிங்க."

நோட்டரி என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் படித்தார். ஏழுமலை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "சரி" என்றார். இரண்டு இடத்தில் "தப்பு" என்றார், திருத்தினார்கள். முடிந்ததும் பேனாவை வாங்கியவர் கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்தார்.

"இதுல எம் பொண்டாட்டியப் பத்தி இல்லயே."

"அவங்களுக்கும் கேசுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"பதினாலு மாசம் லெட்டர் போடாதது ஜெயில்ல இருந்ததாலதான், வேற பொம்பள யாரும் கெடையாதுன்னு எழுதுங்க."

நோட்டரி சலித்துக்கொண்டு, இது நீதிமன்றத்துக்குத் தேவையில்லாத விஷயம் என்றார். நான் சல்மாவுக்குச் சொன்னேன். அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அதுவரை அந்த அறையில் வாயே திறக்காதவள்.

"என் அம்மா இதைக் கேட்காமல் செத்துப்போனார். இந்த அம்மாவாவது கேட்கட்டும். இதுவும்தான் என் வழக்கு. எழுதச் சொல்லுங்கள்."

எழுதினார்கள். ஏழுமலை நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணல்மாணலாக, ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினார். மை காயும் வரை தாளை யாரையும் தொடவிடவில்லை.

மறுநாள் எங்களுக்குச் சென்னைக்கு பஸ். அதற்கு முன் சரசு எங்களை உப்பளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மழைத் தண்ணீர் நிறைந்து பாத்திகள் வேலையில்லாமல் கிடந்தன. ஆனாலும் தார்ப்பாயைச் சரிசெய்ய இருபது பெண்களுக்கு மேல் வந்திருந்தார்கள். முந்தின நாள் வாங்கிய நகலைச் சரசு பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

"படிச்சுக் காட்டு சிஸ்டர்."

அந்த நாட்டுத் தலைநகரில் விசாரணை மண்டபத்தில் மைக் உண்டு, கேமரா உண்டு, மொழிபெயர்ப்பாளருக்குத் தனி நாற்காலி உண்டு. இங்கே ஒரு வரப்பு. நான் ஏறி நின்று படித்தேன். கசப்புத் தண்ணீர் வந்தபோது பெண்கள் தலையாட்டினார்கள். மழைக்கு முதல் நாள் சத்தம் வந்தபோது ஒரு பெண், "ஆமா, அது தனிச் சத்தம்தான்" என்றார். ஏழுமலை மோட்டார் கொட்டகை வாசலில் எங்கேயோ பார்த்தபடி நின்றார். சல்மா சரசுவின் பக்கத்தில் நின்றாள்.

கடைசிப் பத்தி வந்தது, வேறு பொம்பளை யாரும் கிடையாது என்ற பத்தி. என் குரல் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். பின்வரிசையில் இருந்தவர்கள் காதை நீட்டினார்கள்.

சரசு என்னை நிறுத்தினார். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டத்தை ஒருமுறை, முகம் முகமாகப் பார்த்தார்.

"மொதல்லேருந்து படி சிஸ்டர்" என்றார். "சத்தமா."

நான் முதலிலிருந்து படித்தேன்.